சத்திரசிகிச்சைக்குப் பின் முதியோர் சித்தம் கலங்குவது ஏன்?

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. எல்லாம் செவ்வனே முடிந்தது என்று வைத்தியர் கூறுகின்றார். வீட்டார் மனம் ஆறுகின்றனர். ஆனால் இரண்டாம் நாள் இரவு அப்பெரியவர் கட்டிலில் எழுந்திருந்து, கையிற் செருகிய சேலைன் குழாயைப் பிடித்து இழுக்கின்றார். என்றோ இறந்துபோன தமையனாரைக் கூவி அழைக்கின்றார். கூரையிலே பூச்சிகள் ஊர்வதாகச் சொல்கின்றார். பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்த்து, “நீர் ஆர் பிள்ளை?” என்று வினவுகின்றார். காலையில் ஓரளவு தெளிவு. பொழுது சாய்ந்ததும் மீண்டும் குழப்பம்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புக் கூறுவார்கள். “ஐயாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்பார் ஒருவர். “மயக்கமருந்து மூளையைப் பழுதாக்கிவிட்டது” என்பார் இன்னொருவர். “ஆஸ்பத்திரியிலே காத்துக் கறுப்பு அண்டிவிட்டது; நூல் கட்டவேண்டும்” என்பார் மூன்றாமவர். இம்மூவர் கூற்றையும் கேட்டு நடுங்கி நிற்கும் குடும்பங்கள் எமது கொக்குவிலிலும் உண்டு. குடாநாட்டின் ஏனைய ஊர்களிலும் உண்டு. உண்மை யாது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் அவ்வச்சத்திற் பெரும்பகுதி நீங்கும். அதனினும் மேலாக, அந்நிலை வாராமலே தடுப்பதற்கு அவர்களாற் செய்யத்தக்கவை பல உள. அவற்றை எடுத்துரைப்பதே எமது நோக்கம். நாம் வைத்தியரல்லேம், கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். வைத்திய அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டவற்றை எளிமைப்படுத்திக் கூறுவது எம்மனோர் கடமையென்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

அறளையும் கலக்கமும்

வைத்தியர் இந்நிலையை டிலீரியம் என்பர். தமிழிலே திடீர்ச் சித்தக்கலக்கம் எனலாம். நாம் அறளை என்று வழங்குவது வேறு. அறளை மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் மெல்ல மெல்ல வருவது. வந்தபின் பெரும்பாலும் திரும்பிப் போகாதது. சித்தக்கலக்கமோ சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். ஒரு நாளுக்குள்ளேயே கூடும், குறையும். காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலோர்க்கு நாட்களில் அல்லது வாரங்களில் தெளியும்.

இதனை இனங்காணுதற்கு 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஷரன் இனூயே என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஒரு முறையை வகுத்தனர். அவர்கள் நான்கு அடையாளங்களைக் குறித்தனர். நிலை திடீரென மாறி, ஏறியும் இறங்கியும் வருதல் ஒன்று. கவனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமை இரண்டு. பேச்சும் எண்ணமும் தொடர்பறுதல் மூன்று. விழிப்பு நிலை மாறுதல் நான்கு. முதலிரண்டும் இருந்து, பின்னிரண்டில் ஒன்றேனும் கூடினால் அது சித்தக்கலக்கமாம். கவனத்தைச் சோதிக்க வைத்தியர் கையாளும் எளிய வழிகளுள் ஒன்று, மாதங்களின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்வது. மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று தொடங்கித் தை வரை வழக்கமாகச் சொல்லக்கூடியவர் இடையிலே தடுமாறி நின்றுவிடுவாராயின், அவர் கவனம் சிதறுகின்றது என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். சித்தக்கலக்கம் என்றதும் சத்தமிட்டுக் குழாயைப் பிடுங்குபவரே எம் நினைவுக்கு வருகின்றார். ஆனால் முதியோருட் பலர்க்கு அது மௌனமாகவே வரும். சாப்பாட்டில் நாட்டமின்றி, கேட்டதற்கு நேரங்கழித்து ஒற்றைச் சொல்லில் விடைசொல்லி, பகலெல்லாம் அரைத்தூக்கத்திற் கிடப்பார். “பாவம், களைத்துப் போனார், நித்திரை கொள்ளட்டும்” என்று நாம் விட்டுவிடுவோம். இத்தகைய அமைதிக் கலக்கமே அதிகம் தவறவிடப்படுவது. காய்ச்சலோ, நெஞ்சுச் சளியோ, சலத்திற் கிருமியோ உள்ளே வளர்ந்துகொண்டிருப்பதற்கு அது முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நூற்றாண்டு கடந்த கேள்வி

1846ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே வில்லியம் மோட்டன் என்பார் ஈதர் என்னும் ஆவியை மணக்கச் செய்து ஒருவருக்கு நோவற்ற சத்திரசிகிச்சை நடைபெறுமாறு செய்தார். அதற்கு அடுத்த ஆண்டே சாமுவேல் கிறீன் வைத்தியர் அதே நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். சத்திர வைத்தியத்தைப் பற்றிய ‘இரண வைத்தியம்’ என்னும் நூல் 1867ஆம் ஆண்டிலே அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெரியாஸ்பத்திரி 1850ஆம் ஆண்டிலே தோன்றியது. 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கிற்று. இன்று எமது ஊர்ப்பக்கத்து ஆடியபாதம் வீதியில் அமைந்திருக்கும் அப்பீடத்தின் மாணவர்க்குப் பெரியாஸ்பத்திரியே போதனா வைத்தியசாலை. ஆகவே சத்திரசிகிச்சை எம்மவர்க்குப் புதியதன்று. அதைத் தமிழிலே பேசுவதும் புதியதன்று.

நோவு நீங்கிற்று, ஆனால் ஒரு புதிய ஐயம் முளைத்தது. 1887ஆம் ஆண்டில் ஜோர்ஜ் சாவேஜ் என்னும் ஆங்கில மனநோய் வைத்தியர், மயக்கமருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்தபின் சித்தம் கலங்கியோரைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1955ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் வைத்தியர் பெட்போட் என்பார், சத்திரசிகிச்சைக்குப் பின் “முன்னைப்போல் இல்லை” என்று உறவினர் முறையிட்ட முதியோரை ஆராய்ந்து ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்டார். இன்றியமையாத சத்திரசிகிச்சையை மட்டுமே முதியோர்க்குச் செய்க என்பதும், மருந்துகளை வழக்கம் என்பதற்காகக் கொடுக்காதீர் என்பதும் அவர் கூறிய அறிவுரைகள்.

1998ஆம் ஆண்டில் அதே சஞ்சிகையிலே ஒரு பேராய்வு வெளிவந்தது. பல நாடுகளிலே 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 1218 பேரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நினைவாற்றற் சோதனைகளுக்கு உட்படுத்தினர். ஒரு வாரம் கழிந்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர்க்கு அறிவாற்றல் குன்றியிருந்தது. மூன்று மாதத்தில் அத்தொகை பத்தாகக் குறைந்தது. சத்திரசிகிச்சை செய்யாதாரிலும் நூற்றுக்கு மூவரளவில் அக்குறைவு காணப்பட்டது. பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர் என்பது இதனாற் பெறும் ஆறுதல். ஆனால் ஒரு சிலர் தேறவில்லை என்பதையும் மறத்தலாகாது. இக்குறைவு சித்தக்கலக்கத்தின் வேறானது. அது போல் வெளிப்படையாகத் தெரியாது. கணக்குப் பார்க்கத் தடுமாறுவார். பத்திரிகையில் ஒரு பந்தி வாசித்து முடிப்பதற்குள் முதல் வரியை மறப்பார். ஆயினும் இரண்டும் அருகருகே நடப்பன. சித்தம் கலங்கியவர்க்குப் பிற்காலத்தில் மறதிநோய் வருதற்கான வாய்ப்பு மற்றையோரிலும் அதிகம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆதலின் கலக்கத்தைத் தடுத்தல் அப்போதைய தொல்லையை நீக்குவது மட்டுமன்று.

மயக்கமருந்துதான் குற்றவாளியா?

இக்கேள்வியை எம்மவர் அடிக்கடி கேட்பர். முழுமயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்தால் மூளை தப்பிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது சோதித்துப் பார்க்கப்பட்டது. இடுப்பு முறிந்த 1600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு முழுமயக்கமும் மறுசாரார்க்கு முதுகு ஊசியும் கொடுத்தனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி, இரு சாராரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்க்குச் சித்தக்கலக்கம் உண்டாயிற்று. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் நடந்த இத்தகைய சோதனையிலும் வேற்றுமை காணப்படவில்லை. அதன் முடிவு 2022இல் வெளிவந்தது. ஆகவே எந்த முறை ஏற்றது என்பதை உணர்வழி வைத்திய நிபுணரிடமே விட்டுவிடலாம். மயக்கமருந்துக்கு அஞ்சி, வேண்டிய சத்திரசிகிச்சையைத் தட்டிக் கழித்தலோ பெருந்தவறு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பாட்டியாரைப் படுக்கையிலே போட்டுவைத்து நாட்கடத்தினால், நோவும் படுக்கையுமே அவர் சித்தத்தைக் கலக்கிவிடும்.

அவ்வாறாயின் காரணம் யாது? குடாநாட்டார்க்குக் கிணற்றை உவமை காட்டினால் எளிதில் விளங்கும். மாரியிலே கிணறு நிறைந்திருக்கும். காலையும் மாலையும் இறைத்தாலும் வற்றாது. வைகாசி, ஆனி மாதங்களில் நீர் அடியிலே நிற்கும். கொஞ்சம் கூடுதலாக இறைத்தாலே துலாக்கயிற்றின் வாளி கல்லிலே மோதும். இளமையிலே மூளையின் சேமிப்பு மாரிக் கிணறு போன்றது. முதுமையில், அதுவும் முன்னரே மறதி தொடங்கியவர்க்கு, அது கோடைக் கிணறு. சத்திரசிகிச்சை என்னும் காயம் உடலெங்கும் அழற்சிப் பொருள்களைப் பரப்புகின்றது. அவற்றின் தாக்கம் மூளையையும் எட்டுகின்றது. அத்துடன் நோவு, நித்திரைக் குறைவு, நீர்வறட்சி, மலச்சிக்கல், சலம் அடைத்தல், கிருமித்தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைதல், மருந்துகள், புதிய இடம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாளி இறைக்கின்றது. ஒரு வாளியால் வற்றாத கிணறு பத்து வாளியால் வற்றுகின்றது. மயக்கமருந்து அப்பத்தில் ஒன்றாக இருக்கலாம். முழுப்பழியையும் அதன்மேற் சுமத்துதல் பொருந்தாது.

இதிலேதான் எமக்கு நம்பிக்கை பிறக்கின்றது. காயத்தை நாம் தவிர்க்க முடியாது. வயதைக் குறைக்க முடியாது. ஆனால் மற்றைய வாளிகளிற் பலவற்றை எமது கையாலேயே தடுத்து நிறுத்தலாம்.

நான்காம் உறுப்பு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றனோடு, நோயாளியின் அருகிலிருந்து பணிசெய்பவரையும் ஓர் உறுப்பாகவே எண்ணினார். நவீன வைத்தியம் இந்நான்காம் உறுப்பின் ஆற்றலைச் சித்தக்கலக்கத்தில் அளந்து காட்டியிருக்கின்றது.

முதற்கூறிய இனூயே அம்மையார் அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைத்தியசாலையில் ஒரு திட்டத்தை நடத்தி, 1999இல் அதன் பயனை வெளியிட்டார். பொது வைத்திய வாட்டுகளிலே 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 852 பேரை அவர் ஆராய்ந்தார். நாளும் இடமும் நினைவூட்டுதல், எழுப்பி நடத்துதல், இரவில் நித்திரைக்கு வழிசெய்தல், மூக்குக்கண்ணாடி அணிவித்தல், காது கேட்க உதவுதல், தண்ணீர் பருகச் செய்தல் என்பவையே அத்திட்டம். இவற்றைச் செய்தவர்களுட் பெரும்பகுதியினர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். வழக்கமான பராமரிப்பிலே நூற்றுக்கு 15 பேர் கலங்கினர். திட்டத்தின்கீழ்ப் பத்துப் பேரே கலங்கினர்.

சத்திரசிகிச்சை நோயாளரிடமும் இது பலித்தது. இடுப்பு முறிந்த 126 முதியோரைப் பற்றி 2001இல் வெளிவந்த ஆய்வில், முதியோர் வைத்திய நிபுணரின் அறிவுரைப்படி பராமரித்தபோது கலங்கியோர் தொகை நூற்றுக்கு 50இலிருந்து 32 ஆகக் குறைந்தது. தாய்வானிலே வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 377 பேரிடம், வாய்ச்சுத்தமும் உணவும், நடமாட்டம், நினைவூட்டும் உரையாடல் ஆகிய மூன்றை மாத்திரம் தாதியர் நாள்தோறும் செய்தனர். 2017இல் வெளியான அம்முடிவின்படி நூற்றுக்கு 15 ஆக இருந்தது ஏழுக்கும் குறைவாயிற்று.

எம்மவர் கூர்ந்து நோக்கத்தக்கது 2020இல் வெளிவந்த சீன ஆய்வு. செங்டு நகரத்துப் பெரிய வைத்தியசாலையொன்றிலே, தொண்டர்களுக்குப் பதிலாகக் குடும்பத்தாரையே இப்பணியில் ஈடுபடுத்தினர். மொத்தம் 281 பேர் அவ்வாய்விற் சேர்ந்தனர். வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 19 பேர் கலங்கினர்; குடும்பத்தார் முறையறிந்து துணைநின்றோரில் மூவருக்கும் குறைவானோரே கலங்கினர். இத்தனை பெரிய வேற்றுமை எங்கும் கிட்டும் என்று உறுதிகூற முடியாது. எனினும் நோயாளியின் கட்டிலருகே உறவினர் நிற்கும் வழக்கம் எமது நாட்டிலே முன்னமே உண்டு. ஆள் நிற்கின்றார், என்ன செய்யவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

முன்னே செய்யவேண்டுவன

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் நோயாளி உண்ணும் குளிசைகள் யாவற்றையும், ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் இட்டு வைத்தியரிடம் காட்டுக. நித்திரைக் குளிசைகளும், சளிக்கும் கடிக்கும் வீடுகளில் வழக்கமாக வாங்கும் பிரிற்றன் போன்றவையும் முதியோர் சித்தத்தைக் கலக்க வல்லவை. ஆனால் நெடுங்காலம் எடுத்த நித்திரைக் குளிசையைத் திடீரென நிறுத்துதலும் ஆபத்து. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

வெட்கத்தால் மறைக்கும் செய்திகள் மூன்று. முன்னரே மறதி இருந்தது என்பது ஒன்று. முன்னைய சத்திரசிகிச்சையிலும் இப்படிக் கலங்கினார் என்பது இரண்டாவது. நாள்தோறும் மது அருந்துவார் என்பது மூன்றாவது. மூன்றாவதை மறைத்தல் மிகக் கேடு. நாள்தோறும் குடித்தவர்க்குக் குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கைகால் நடுங்கிச் சித்தம் கலங்குவது உயிருக்கே இறுதியாகலாம். முன்னரே தெரிந்தால் வைத்தியர் அதற்கு ஏற்பாடு செய்வார். சுருட்டுப் பழக்கத்தையும் சொல்லுக. சுருட்டுக்குப் பேர்போன கொக்குவிலிலே அதற்கு நாணவேண்டியதில்லை.

உண்ணாதிருத்தலிலும் அளவு வேண்டும். காலையிற் சத்திரசிகிச்சை என்றால் முதல்நாள் பின்னேரமே தண்ணீரையும் நிறுத்திவிடுவார் சிலர். இன்றைய பொது நெறிப்படி, திண்மையான உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினாலும், தெளிந்த நீரைப் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை பருகலாம். உங்கள் நோயாளிக்கு எத்தனை மணிக்கு எதை நிறுத்துவது என்று கேட்டறிந்து அதன்படி செய்க.

பையிலே உடுப்போடு வைக்கவேண்டியவை: மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, கட்டுப்பல், பெரிய எழுத்து நாட்காட்டி, ஒரு மணிக்கூடு, அவர் வழக்கமாக வாசிக்கும் புத்தகம். சத்திரசிகிச்சைக்குப் போகும்போது கழற்றிய கண்ணாடியும் பல்லும் பல நாள் அலுமாரியிலேயே கிடக்கின்றன. பார்வையை மறைத்தால் மூளைக்கு என்ன நேரும் என்பதற்கு 1958ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வு சான்று. அக்காலத்தில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் இரு கண்களையும் கட்டி நோயாளியைப் படுக்கையிற் கிடத்துவர். அவர்களுட் சிலர் வெருண்டு பிதற்றினர். அதற்குக் கருங்கட்டுக் கலக்கம் என்று பெயரிட்டனர். இன்று கண்புரைச் சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகின்றார், அக்கலக்கமும் அரிதாயிற்று. கண்ணாடியின்றிக் கிடக்கும் பாட்டனார்க்கு நாம் அறியாமலே அத்தகைய கட்டொன்றைக் கட்டிவிடுகின்றோம்.

பின்னே செய்யவேண்டுவன

கண் விழித்ததும் கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவியுங்கள். பல தடவை, அமைதியாக, சிறு வசனங்களிற் பேசுங்கள். “ஐயா, நான் உங்கள் இளைய மகள். இது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. இன்று வியாழக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது” என்று சொல்லுங்கள். அவர் தவறாகச் சொன்னால் வாதாடவேண்டாம். பரீட்சைக் கேள்விபோல் “நான் ஆர், சொல்லுங்கோ பார்ப்போம்” என்று துருவவும் வேண்டாம். ஊர்ப்புதினம் சொல்லுங்கள். கோயில் திருவிழா, வாழைக்குலை வெட்டியது, பேரன் பரீட்சை என்பன மூளையை இவ்வுலகிலே பிணைக்கும் கயிறுகள்.

வைத்தியர் அனுமதித்தவுடன் இருத்துங்கள், நிறுத்துங்கள், நடத்துங்கள். படுக்கையிலே கிடந்து உண்பதிலும் கதிரையிலிருந்து உண்பது நன்று. தண்ணீரையும் கஞ்சியையும் கேட்கும்வரை காத்திராமல், அனுமதித்த அளவிற் சிறிது சிறிதாகக் கொடுங்கள். முதியோர்க்குத் தாகம் தெரிவது குறைவு. உணவுக்கு முன் வாயைக் கழுவிவிடுங்கள். சலக்குழாய் வேண்டியதில்லையெனின் எப்போது எடுப்பீர்கள் என்று தாதியரிடம் பணிவாகக் கேளுங்கள். மலம் கழிந்ததா என்பதையும் கவனியுங்கள்.

நோவைப் பொறுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தாதீர்கள். “மருந்து கூடினால் மயங்கிவிடுவார்” என்று அஞ்சி நோவை மறைப்போர் உளர். அடக்கப்படாத நோவே சித்தத்தைக் கலக்கும். எவ்வளவு நோகின்றது என்று கேட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள்.

பகலிலே யன்னல் வெளிச்சமும், இரவிலே இருளும் அமைதியும் வேண்டும். வாட்டிலே விளக்கு அணையாதிருந்தால் கண்ணுக்கு மேல் மென்துணி இடலாம். வெருண்டால் உடனே எடுத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் கூட்டமாக நின்று பேசவேண்டாம். பத்துப் பேர் பத்து நிமிடம் வந்து பார்ப்பதிலும், அவரறிந்த ஒருவர் இரண்டு மணி நேரம் அமைதியாக இருப்பதே பயன் தரும்.

இவ்வளவும் செய்தும் கலக்கம் வந்துவிட்டால் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். “நேற்று நன்றாகப் பேசினார், இன்று இப்படி” என்று கூறக்கூடியவர் நீங்கள் ஒருவரே. அவரை இதற்கு முன் கண்டிராத வைத்தியர் அவரது இயல்பை அறியமாட்டார். கையைக் கட்டிவைத்தல் வெருட்சியை மேலும் கூட்டும். பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக்கொள்வதே நன்று. கடையில் வாங்கிய நித்திரைக் குளிசை எதனையும் கொடாதீர்கள்.

மற்றுமொன்று. சித்தம் கலங்கியவரிடம் காணி உறுதியிலோ வங்கிப் பத்திரத்திலோ ஒப்பம் வாங்குதல் அறமுமன்று. சட்டத்தின்முன் நிலைப்பதும் ஐயமே. அவ்வாறே, “அறளை பெயர்ந்துவிட்டது” என்று முடிவுகட்டி வீட்டைப் பூட்டி அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் தீர்மானத்தையும் அவ்வாரத்திலே எடுக்கவேண்டாம். மூன்று மாதமேனும் பொறுத்திருங்கள். வீடு திரும்பியதும் காலை மாலை நடை, பத்திரிகை வாசிப்பு, அயலாரோடு உரையாடல் என்பவற்றை வழக்கமாக்குங்கள். மூன்று மாதத்தின் பின்னும் மறதி நிலைத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் கடல் கடந்த வீடுகள்

எமது ஊரின் துயரமொன்றை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் கட்டிலருகே ஒரு பிள்ளையும் இல்லாத வீடுகள் கொக்குவிலிலே பல. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸில். சத்திரசிகிச்சைச் செலவுக்குப் பணம் வந்துவிடும். கைபிடிக்க ஆள் வராது. கூலிக்கு அமர்த்திய பராமரிப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பெரியவரின் செல்லப்பெயரும், அவர் தேநீர் குடிக்கும் நேரமும், வலக்காதுதான் நன்றாகக் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரியா.

தூரத்துப் பிள்ளைகள் செய்யத்தக்கது இது: இச்செய்திகளை ஒரு தாளில் எழுதிப் பராமரிப்பாளரிடம் கொடுக்கச் செய்யுங்கள். எம் நாட்டு நேரத்திற் பகல் வேளையில், நாள்தோறும் ஒரே நேரத்தில், தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுங்கள். பேசும்போது பெயரைச் சொல்லுங்கள். நடுச்சாமத்தில் எழுப்பிப் பேசாதீர்கள். அயலவர் ஒருவரையேனும் நாளுக்கு ஒரு மணி நேரம் சென்றிருக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் இதிலே பங்குண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். அதன்பின் அத்தொகை வளர்ந்தே வந்திருக்கின்றது. நீங்கள் தொழில் புரியும் காலத்தில் முதியோர் இல்லாத வாட்டே இராது. யேல் வைத்தியசாலையிற் கட்டிலருகே இருந்து கலக்கத்தைத் தடுத்த தொண்டர்கள் செய்தவை எவையென்று மீண்டும் எண்ணிப் பாருங்கள்: கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தனர், தண்ணீர் கொடுத்தனர், கூட நடந்தனர், நாளையும் திகதியையும் சொல்லிக் கதைத்தனர். இவற்றுள் உங்களாற் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. அடுத்த முறை உங்கள் பாட்டனாரோ அயல்வீட்டு அம்மாவோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தோடம்பழப் பையோடு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பாதீர்கள். அன்றைய பத்திரிகையையும் எடுத்துச் செல்லுங்கள். அருகிலிருந்து, அவருக்குக் கேட்கும் காதின் பக்கமாக, முதற் பக்கத்தின் திகதியிலிருந்து வாசியுங்கள்.